தகரக் கூரை மண்டபத்தில் தும்புப் பலகை

கிளிநொச்சிக் கடையொன்றில் ‘சத்தம் புகாத பலகை’ என்று விற்கப்படும், ரப்பர்ப் பாலால் பிணைத்து அழுத்திய தென்னந்தும்புப் பலகையை எமது கல்வி நிலைய மண்டபத்தில் பொருத்தியிருக்கிறோம். சத்தம் புகாது என்பது விற்பனைப் பேச்சு. உள்ளே எழும் எதிரொலியைக் குடிக்கும் என்பதே உண்மை. அந்த வேலையை இது செவ்வனே செய்கிறது.

முன்பு சொல்வதெழுதல் நடக்கும்போது, சீமெந்துச் சுவர்களில் மோதித் திரும்பும் குரலில் சொற்களின் ஈற்றெழுத்துகள் கலங்கி, கடைசி வாங்கில் இருப்போர் ஊகித்தே எழுதினர். இப்போது அந்தக் குறை இல்லை. தும்புகளுக்கிடையே நுழையும் ஒலி, இழைகளோடு உராய்ந்து வெப்பமாக மாறிவிடுகிறது. தென்னந்தும்பு, ஒலியுறிஞ்சப் பயன்படும் கண்ணாடிக் கம்பளியின் (கண்ணாடி இழைப் பஞ்சு) இழையை விடப் பல மடங்கு தடித்ததாகையால், இறுக அழுத்தாவிட்டால் ஒலி தடையின்றிக் கடந்துவிடும். எமக்குத் தந்தவற்றில் சில பலகைகள் விரல் பட்டவுடனேயே அமுங்கின. முகஞ்சுளித்துத்தான் மாற்றித் தந்தனர்.

1000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர். 100 ஹேர்ட்ஸில் அது 3.4 மீற்றர். சுவரையொட்டிய காற்று அசைவதில்லை, கால் அலைநீளத் தொலைவிலேயே மிக வேகமாக அசைகிறது. ஆகவே 25 மில்லிமீற்றர்ப் பலகையை, 2 அங்குலச் சலாகை கொடுத்துச் சுவரிலிருந்து விலக்கிப் பொருத்தினோம். பேச்சுக்கு அது போதும். அலைநீளம் கூடிய தாழ்ந்த ஒலிக்குப் போதாது; மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி எழும் பக்கம்) மட்டும் முன்போலவே முழங்குகிறது.

மாரி மழைதான் ஏமாற்றம். துளி விழும்போது அதிர்வது தகரமே. சுவரிலுள்ள பலகை அந்த அதிர்வைத் தொடுவதேயில்லை. தகரத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும் தணிப்புப் படையே அதற்கு வேண்டும். வெளிச்சத்தத்தை மறிப்பதற்கோ பாரம் வேண்டும். சுவரின் பாரம் இரட்டித்தால் கூடுதலாக ஏறத்தாழ 6 டெசிபல் மறிபடும். காற்றுப் புகும் இந்த இலேசான பலகையைத் தாண்டி ஏ9 வீதி பஸ்களின் கோர்ண் அப்படியே வருகிறது.

எதிர்பாராத பயன் வெட்டுத்துண்டுகளில் கிடைத்தது. எமது மின்பிறப்பாக்கி நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுழல்வது, அதாவது 50 ஹேர்ட்ஸ். அதன் கால்களின் கீழ் வைத்த துண்டு பாரத்தில் 1 மில்லிமீற்றர் அமிழ்ந்தாலே இயற்கை மீடிறன் (துண்டின்மேல் இயந்திரம் தானாக ஆடக்கூடிய, செக்கனுக்கான அதிர்வு எண்ணிக்கை) அண்ணளவாக 16 ஹேர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இயந்திரத்தின் மீடிறன் அதைவிட மிக உயர்ந்திருப்பதால் நிலத்துக்குச் செல்லும் அதிர்வு குறைகிறது. அலுவலக மேசையில் தேநீர்க் கோப்பை கிணுகிணுப்பது நின்றுவிட்டது. இயந்திரத்தை நிறுத்துகையில் சுற்று இறங்கி அந்த 16 ஹேர்ட்ஸைக் கடக்கும் கணத்தில் ஒரு குலுக்கம் வரும். ரப்பரும் இழைகளின் உராய்வும் சேர்ந்து அதையும் அடக்குகின்றன. எண்ணெய் ஒழுகும் இயந்திரமென்றால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும், கவனம்.

கறையானுக்கு அஞ்சி நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தியே பொருத்த வேண்டும். தீப்பற்றக்கூடியதாகையால் மின்வயருக்கு அருகில் வைக்கலாகாது. அழகுக்கு எனாமல் பெயின்ற் பூசலாம் என்று கடையில் சொல்வதைக் கேட்க வேண்டாம், அது துளைகளை அடைத்துவிடும். மெல்லிய பருத்தித் துணி போர்த்தினால் ஒலி தடையின்றிப் புகும்.