தலையில் 20 லிட்டரா, தரையில் 90 லிட்டரா?

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நாட்டால் கிராமங்களில் குழாய் எட்டாத வீடுகளுக்குத் தண்ணீர் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும்தான். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன். புல்லிலோ துணியிலோ சுற்றிய ‘இன்கட்டா’ என்ற சும்மாட்டின் மேல் அமரும். மலிவு, ஒற்றையடிப் பாதையிலும் மேட்டிலும் போகலாம். ஆனால் பத்து வயதுப் பெண்ணின் எடையே சுமார் 30 கிலோதான். 20 கிலோவைத் தலையில் ஏற்ற இன்னொருவர் கை வேண்டும், கழுத்து வலியும் வரலாம். பாதி நிரப்பினால் நீர் அலைந்து இன்னும் தள்ளாட வைக்கும்.

இரண்டாவது, அந்நாட்டிலேயே 1991இல் உருவான ஹிப்போ ரோலர். தரையில் உருளும் 90 லிட்டர் பீப்பாயை இரும்புக் கைப்பிடியால் தள்ளலாம், இழுக்கலாம். சமதரையில் கைக்குத் தெரியும் கனம் 10 கிலோ அளவே. நான்கரை நடை ஒரே நடையாகிறது. பள்ளிக்கு நேரத்தோடு போக முடிகிறது.

சிக்கல் சரிவில்தான். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் பாதையில் கூடுதலாக 9 கிலோ விசை தேவை. இறக்கத்தில் அதே விசை பிள்ளையை முன்னே இழுக்கும். மணலில் புதையும். ஊற்றிலிருந்து ஒரு லிட்டர் குவளையால் நிரப்பினால் 90 முறை குனிய வேண்டும். விலையும் அதிகம், பெரும்பாலும் நன்கொடையாகத்தான் வருகிறது.

சமமான, அகலமான பாதை என்றால் தயங்காமல் ரோலர். செங்குத்துப் பாதைக்குக் கேன்தான், ஆனால் சிறுமிக்கு 20 வேண்டாம், 5 லிட்டர் கேன் கொடுங்கள்.