ஆர்சனல் கால்பந்து அணி 2025-26: பருவம் தொடங்குமுன் அணி எப்படி?

போன பருவத்தில் (2024-25) இங்கிலாந்து பிரிமியர் லீக்கில் 34 கோல்களே வாங்கியும், 14 ஆட்டங்கள் சமநிலையில் முடிந்ததால் கிண்ணம் கைநழுவியது. குறை முன்வரிசையில்: அதிக கோல் அடித்த ஹாவெர்ட்ஸுக்கே 9 தான். போர்த்துக்கல் லீக்கில் 39 கோல் அடித்த முன்கள வீரர் யொக்கரெஸ் வந்துவிட்டார். ஆனால் அவருக்கு ஓடுவதற்கு இடம் வேண்டும். ஆர்சனலுக்கு எதிராக எல்லா அணிகளும் தங்கள் கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்குள் ஒடுங்கும். ஆகவே நடுக்கள வீரர் ஒடேகார்ட் பந்தைத் தாமதிக்காமல் முன்னே தள்ள வேண்டும்.

நடுக்களத்தில் பார்ட்டி விலகிப் போன இடத்துக்கு சுபிமெண்டி. நெருக்கினாலும் பந்தை இழக்காதவர், இந்த முறை எடுத்தவர்களில் இவர்தான் முத்து! வலது விங்கில் சாகா காயப்பட்டால் மடுவேகே இருக்கிறார். இடது விங் இன்னும் மெலிவுதான்.

முதல் ஆட்டம் 2025 ஓகஸ்ட் 17, ஞாயிறு, மென்செஸ்டர் யுனைட்டட்டுடன், இலங்கை நேரம் இரவு 9.00. திங்கள் விடிய பிரட்டுக்கு (தோட்டத்தில் காலை வேலைக்குப் பெயர் கொடுக்க) போகும் ஹட்டன், தலவாக்கலை ரசிகர்கள் மாலையிலேயே கொஞ்சம் தூங்கி எழும்புங்கள்.