இயற்கை வேளாண்மைக்கு இரு வழிகள்: சிக்கிமும் இலங்கையும்

இரசாயன உரத்தைக் கைவிடுவது பற்றிய விவாதங்களில் சிக்கிமை முன்மாதிரியாகவும் இலங்கையை எச்சரிக்கையாகவும் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது.

சிக்கிம் 2003இல் முழு இயற்கை வேளாண்மை என்னும் தன் இலக்கைச் சட்டமன்றத்தில் அறிவித்து, உர மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, மண்புழு உரத்துக்கும் சான்றளிப்புக்கும் ஏற்பாடு செய்த பின்னர், 2014இல்தான் தடைச் சட்டம் இயற்றியது. 2016 ஜனவரியில், ஏறத்தாழ 75,000 ஹெக்டேர் நிலத்துடன், முழு இயற்கை வேளாண் மாநிலமாக அது அறிவிக்கப்பட்டது.

இலங்கையிலோ, 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தலால் நிறுத்தப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் இம்முடிவுக்கு ஒரு காரணம் என்று பலர் கருதினர். மண்ணின் நலம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இத்தனை அவசரம் தேவைப்பட்டிராது. நாட்டின் தேவைக்குப் போதுமான சேதனப் பசளை (இயற்கை உரம்) கையிருப்பில் இல்லை. நாட்டின் முதன்மை நெற்பருவமான பெரும்போகத்தின் விதைப்பு நெருங்கியபோது விவசாயிகள் வீதிக்கு இறங்கினர். நவம்பரில் தடை விலக்கப்பட்டபோதோ, உலகச் சந்தையில் யூரியா விலை உயர்ந்திருந்ததாலும் நாட்டில் டாலர் வற்றியிருந்ததாலும் உரம் உரிய காலத்தில் வயலை எட்டவில்லை. நெல் விளைச்சல் சரிந்து, அரிசி இறக்குமதி செய்ய நேர்ந்தது.

எனினும், காலத்தை மட்டும் நீட்டினால் சிக்கிமின் வழி எங்கும் பலிக்கும் என்பதையும் ஏற்க இயலாது. அங்கு உரப் பயன்பாடு முன்பே மிகக் குறைவு. பெரிய ஏலக்காயும் இஞ்சியும் அதன் முக்கியப் பணப்பயிர்கள். உண்ணும் அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வருகிறது. உரத்தை நம்பிய உயர்விளைச்சல் நெல் ரகங்களால் தன் மக்களுக்குச் சோறிடும் இலங்கைக்கு அந்த வசதி இல்லை.