முன்பல் இடைவெளியை அடைத்த பாண்டிங்: ஐந்தாண்டுகளைக் கடந்த பின்

மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டுக்கும் இடையிலிருந்த சந்தினை, கடலூர் முதுநகரில் வசிக்கும் நான், 2019-இல் புதுச்சேரியின் ஒரு தனியார் பல் மருத்துவமனையில் காம்போசிட் பாண்டிங் முறையில், அதாவது பல்நிறப் பிசினைப் பல்லில் ஒட்டி வடிவமைக்கும் முறையில், அடைத்துக்கொண்டேன். ஒரே அமர்வில் வேலை முடிந்தது; மரத்துப்போகும் ஊசியும் தேவைப்படவில்லை.

பல்லை அராவாமல், பாஸ்பாரிக் அமிலக் கூழைச் சில வினாடிகள் தடவிக் கழுவினார்கள். அதில் பல்லின் கடினமான மேலுறையான எனாமலில் உண்டாகும் நுண்குழிகளுக்குள் ஒட்டுப்பொருள் இறங்கிப் பற்றிக்கொள்ள, அதன்மேல் பிசினை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுகச் செய்தார்கள். 1955-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவோனோகோர் எனாமலில் அமிலத்தைக் கொண்டு காட்டிய வழிதான் இன்றும் இதற்கு அடிப்படை. வாய் திறந்தே இருந்து பல் உலர்ந்துவிட்டால் இயல்பைவிட வெளுப்பாகத் தெரியும் என்பதால், எல்லாவற்றுக்கும் முன்பே நிறத்தைத் தேர்ந்தெடுத்தார் மருத்துவர். இன்றுவரை எவரும் அதைச் செயற்கை என்று கண்டுகொள்ளாததற்கு இந்தக் கவனமே காரணம் என்பேன்.

கறைதான் உண்மையான தொல்லை. பிசின் எனாமலைவிட எளிதில் நிறம் ஏற்கும். நம் வீட்டு மீன்குழம்பின் மஞ்சளும் காலை, மாலை டிகாக்‌ஷன் காபியும் அதற்குப் போதும். இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு, பிசினும் பல்லும் சேரும் விளிம்பில் பழுப்புக் கோடு தெரியத் தொடங்கியது. பாலிஷ் செய்தால் மறைகிறது, சில மாதங்களில் மெல்லத் திரும்புகிறது. பல்லை வெளுக்கும் சிகிச்சை பிசினின் நிறத்தை மாற்றாது என்பதால், அப்படி ஓர் எண்ணம் இருப்பவர்கள் முதலில் வெளுத்துக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் இடைவெளி விட்டே பாண்டிங் செய்துகொள்ள வேண்டும். வெற்றிலை போடும் பழக்கமுள்ளவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இடையில் ஒருமுறை தட்டை கடிக்கும்போது ஒரு முனை சில்லாகப் பெயர்ந்தது. பழைய பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதன்மேலேயே புதுப் பிசினை ஏற்றிச் சரிசெய்துவிட்டார்கள். பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய செராமிக் தகடான வினீயர் உடைந்தால் அதை இவ்வளவு எளிதாகச் சீராக்க முடியாது. ஆனாலும் பொங்கலுக்கு வரும் பன்னீர்க் கரும்பை முன்பல்லால் உரிப்பது நின்றுவிட்டது. தோலைக் கத்தியால் சீவித் துண்டாக்கிக் கடைவாயில் மெல்லுகிறேன், சுவையில் குறைவில்லை. ஈறோரம் அழுக்கு தங்காமலிருக்க இரவில் ஃப்ளாஸ் நூல் விடுவது கட்டாயம்.

சிறு சந்துக்கும் உடைந்த முனைக்கும் இது தாராளமாகப் பொருந்தும். கோணிய பற்களை இதைப் பூசி மறைப்பதைவிடக் கம்பி கட்டி நேராக்குவதே முறை. உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர்கள் இரவுக்கான பல்லுறையும் அணிய வேண்டியிருக்கும். எனக்கு வலப்பக்கத்துப் பிசினை விரைவில் மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடியில் எனாமல் முழுதாக இருப்பதால், செராமிக்குக்குப் போகாமல் மீண்டும் காம்போசிட்டையே வைத்துக்கொள்ளப் போகிறேன்.