அஞ்சு லட்சம் வரைக்கும் தரமாட்டான், அப்புறம் தான் தருவான்: எங்க வீட்டு சூப்பர் டாப்-அப் பாலிசி ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், கம்பெனி பேர் போடல. இந்த மாதிரி பாலிசி நெறைய கம்பெனி விக்குது, ஷரத்தெல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணு தான், அதனால இத அந்த வகை பாலிசிக்கான ரிவ்யூன்னே வச்சுக்கோங்க.

வாங்கினது 2021 மே மாசம். அந்த மே மாசம் சென்னைல இருந்தவங்களுக்கு சொல்லவே வேணாம், ஜிஹெச் வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்ன நேரம், டிவி பாத்துட்டு நைட்டெல்லாம் தூக்கம் வராம போன்ல பாலிசியா தேடிட்டு இருந்தேன். அப்பாவுக்கு அப்போ 66, சுகர், பிபி ரெண்டும் உண்டு. என் ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மாவுக்கு 5 லட்சம் இருக்கு, ஆனா அண்ணா நகர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில பத்து நாள் ஐசியூன்னா 5 லட்சம் எந்த மூலைக்கு? ரெண்டு பேருக்கும் சேத்து 20 லட்சத்துக்கு நேரா ஒரு சாதா பாலிசி கேட்டா வருஷம் அறுபதாயிரத்துக்கு மேல சொன்னாங்க. அப்போ தான் வில்லிவாக்கத்துல எங்களுக்கு தெரிஞ்ச ஒரு ஏஜென்ட் சார் சொன்னாரு, சூப்பர் டாப்-அப் போடுங்க தம்பி, 5 லட்சம் டிடக்டபிள், அதாவது அது வரைக்கும் செலவு நம்மளது, அதுக்கு மேல 20 லட்சம் கவர், பிரீமியம் 14,800ன்னு. அது மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் 17,464.

அம்மா ஒரே கேள்வி தான் கேட்டாங்க. "அஞ்சு லட்சம் வரைக்கும் அவன் தரமாட்டான்னா, அவனுக்கு எதுக்குடா வருஷா வருஷம் பணம் கட்டுற?"

அன்னிக்கு எனக்கு சரியா பதில் சொல்ல வரல. விஷயம் என்னன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறவங்கள்ல நெறைய பேருக்கு பில்லு ஒண்ணு, ரெண்டு லட்சத்துல முடிஞ்சிடும். அந்த பில்லெல்லாம் நம்ம தலைல, இல்லன்னா வேற பாலிசி தலைல. இவன் பெரிய அடி விழுந்தா மட்டும் வருவான், அதனால தான் சீப். டிடக்டபிள் எவ்ளோ ஏத்துறீங்களோ பிரீமியம் அவ்ளோ இறங்கும். இன்னொன்னு, கீழ வேற பாலிசி இருந்தே ஆகணும்னு கிடையாது, அந்த 5 லட்சத்தை நீங்க கைலேர்ந்து கட்டினாலும் இவன் அதுக்கு மேல தருவான்.

இப்போ கதைக்கு வரேன். நாலு வருஷம் ஒரு பைசா கிளெய்ம் இல்ல. 2025 ஜூன்ல அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வச்சாங்க. பில்லு 3,86,000. குரூப் இன்சூரன்ஸ் 3,42,000 குடுத்துச்சு, 44,000 எங்க கைலேர்ந்து போச்சு. அதுல கொஞ்சம் கையுறை, சிரிஞ்சு, அட்மிஷன் கிட்டுன்னு பொதுவா தராத ஐட்டம், மீதி என் முட்டாள்தனம். குரூப் பாலிசில ரூம் வாடகை ஒரு நாளைக்கு 5,000 தான் லிமிட், நான் அப்பா நல்லா தூங்கட்டுமேன்னு 7,500 ரூம் எடுத்தேன், வித்தியாசம் 2,500 தானேன்னு நெனச்சேன். அப்படி இல்லயாம். லிமிட்டுக்கு மேல ரூம் எடுத்தா அதே விகிதத்துல டாக்டர் விசிட், நர்சிங் சார்ஜ் எல்லாத்தையும் வெட்டுவாங்களாம். யாராச்சும் அட்மிஷன் கவுன்டர்ல நிக்கறீங்கன்னா ரூம் வாடகை லிமிட் என்னன்னு மொதல்ல கேட்டுட்டு அப்புறம் ரூம் பாருங்க, ப்ளீஸ்.

நவம்பர்ல திரும்பவும். மழை, சளி, அது நிமோனியாவா மாறி நாலு நாள் ஐசியூ. பில்லு 3,31,000. குரூப்ல மிச்சம் இருந்தது 1,58,000 தான், அது கேஷ்லெஸ்ல போச்சு, மீதி 1,73,000 என் கார்டுல தேச்சுட்டு அப்பாவ வீட்டுக்கு கூட்டிட்டு வந்தேன்.

இங்க தான் "சூப்பர்"ங்கற அந்த ஒரு வார்த்தை முக்கியம். வெறும் டாப்-அப் பாலிசின்னா ஒவ்வொரு கிளெய்மையும் தனித்தனியா பாப்பான், ரெண்டு பில்லுமே தனியா 5 லட்சத்தை தாண்டல, சோ எனக்கு முட்டை. சூப்பர் டாப்-அப்னா அந்த பாலிசி வருஷத்துல ஆன எல்லா செலவையும் கூட்டி அதுலேர்ந்து டிடக்டபிளை ஒரே ஒரு தடவ கழிப்பான். ஜூன்ல ஏத்துக்கிட்டது 3,42,000, நவம்பர்ல 27,000 ரூபா ஐட்டத்த தள்ளிட்டு 3,04,000 ஏத்துக்கிட்டான், மொத்தம் 6,46,000, 5 லட்சம் போக 1,46,000 என் அக்கவுண்டுக்கு வந்துச்சு. கவனிங்க, பில்லுல என்ன போட்டிருக்கோ அது கணக்கு இல்ல, அவன் ஏத்துக்கற தொகை தான் கணக்கு. ஆஸ்பத்திரிக்கு நான் 6 லட்சம் கட்டிட்டேனேன்னு நீங்க கத்தலாம், அவன் கணக்குல டிடக்டபிளே இன்னும் தாண்டியிருக்காது.

ஏஜென்ட் சார் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு, இத நான் தடுக்கி விழுந்து தான் கத்துக்கிட்டேன், சரியா சொல்லணும்னா விழாம தப்பிச்சேன். ஆபீஸ் பாலிசி வருஷம் ஏப்ரல்ல ஆரம்பிக்குது. சூப்பர் டாப்-அப் மே மாசம். அப்பாவோட ஸ்டென்ட் ஜூன்ல நடந்ததால ரெண்டு அட்மிஷனும் ஒரே சூப்பர் டாப்-அப் வருஷத்துக்குள்ள விழுந்துச்சு. அதே ஸ்டென்ட் ரெண்டு மாசம் முன்னாடி ஏப்ரல்ல வச்சிருந்தா அது போன வருஷ கணக்கு, நவம்பர்ல டிடக்டபிள் மறுபடி ஜீரோலேர்ந்து ஓடும், ஆனா குரூப்ல மட்டும் பணம் தீந்து போயிருக்கும். ஒரு ரூபா வந்திருக்காது. ரெண்டு பாலிசியும் ஒரே தேதில ஆரம்பிக்கற மாதிரி வாங்கினா இந்த தலைவலி இல்ல. இத வாங்கும்போது ஒருத்தரும் சொல்லமாட்டாங்க.

சர்வீஸ் பத்தி சொல்லணும்ல. மோசம்னு சொல்லமாட்டேன், மெதுவு. ரெண்டாவது இன்சூரன்ஸ்காரன்கிட்ட போகணும்னா மொதல்ல கொடுத்தவன்கிட்டேர்ந்து செட்டில்மென்ட் லெட்டரும், சீல் போட்ட பில், டிஸ்சார்ஜ் சம்மரி காப்பியும் வேணும், ஏன்னா ஒரிஜினல் எல்லாம் அங்க போயிடுச்சு. குரூப் பாலிசி கிளெய்மெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக பாத்துக்கற ஏஜென்சி, டிபிஏன்னு சொல்லுவாங்க, அவங்க ஆபீஸ் நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு மாடில இருக்கு, டிசம்பர் மழைல பாடி பாலம் டிராஃபிக்ல நின்னு அங்க மூணு நடை. நவம்பர் லெட்டர் கொடுத்துட்டாங்க, இவனுக்கு ஜூன் லெட்டரும் வேணுமாம், நியாயம் தான், அதையும் கூட்டணும்ல. அந்த ஒரு பேப்பருக்கு 12 நாள். பணம் ஜனவரி கடைசில வந்துச்சு. ஜூன்ல 5 லட்சத்தை தாண்டலன்னாலும் அப்பவே எல்லா பேப்பரையும் சீலோட வாங்கி ஃபைல் போட்டு வச்சிருந்தா ஒரு மாசம் மிச்சம் ஆயிருக்கும். அம்மா கல்யாண மொய் நோட்டையே முப்பது வருஷமா பத்திரமா வச்சிருக்காங்க, எனக்கு அந்த புத்தி வரல. தராம இழுத்தா கம்பெனிக்கு எழுத்துல புகார் குடுத்து ஒரு மாசம் பாத்துட்டு இந்த புகாரெல்லாம் விசாரிக்கற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம், சென்னை ஆபீஸ் தேனாம்பேட்டை அண்ணா சாலைல இருக்கு, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம். எனக்கு அந்த அவசியம் வரல.

பொங்கலுக்கு எடிசன்லேர்ந்து பெரியம்மா பையன் வந்திருந்தாரு, நியூஜெர்சில பதினாலு வருஷம். நான் டிடக்டபிள்னு ஆரம்பிச்ச உடனே "டேய், அத எனக்கு சொல்லித் தராத, நான் அதுல தான் குடியிருக்கேன்"ன்னாரு. அவருக்கு அங்க ஹை டிடக்டபிள் ஹெல்த் பிளான். இந்த 2026க்கு அந்த பேர் வாங்கணும்னாலே குடும்பத்துக்கு குறைஞ்சது 3,400 டாலர் டிடக்டபிள் இருக்கணும், இவருது 4,000. ஆனா அங்க பையனுக்கு ஜுரம்னு டாக்டரப் பாத்தா அந்த பில்லு, பிளான்ல கவர் ஆகற மருந்து பில்லு எல்லாமே டிடக்டபிள் கணக்குல ஏறும், வருஷாந்திர செக்கப், தடுப்பூசிக்கெல்லாம் டிடக்டபிள் பாக்காமலே பிளான் கட்டிடும். நமக்கு ஆஸ்பத்திரில படுத்தா தான் கணக்கே, அப்பா மாசா மாசம் வாங்கற சுகர் மாத்திரை எதுலயும் ஏறாது. அதவிட பெரிய வித்தியாசம், அங்க அவர் கைலேர்ந்து போற காசுக்கு உச்சவரம்பு, நெட்வொர்க்குக்குள்ள குடும்பத்துக்கு வருஷம் 17,000 டாலருக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம். இங்க உச்சவரம்பு இன்சூரன்ஸ்காரனுக்கு, 20 லட்சம் தாண்டினா திரும்பவும் நம்ம தலை தான்.

அப்புறம் அங்க ஹெச்எஸ்ஏன்னு ஒண்ணு, ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட். இது தான் எனக்கு வயித்தெரிச்சல். இந்த பிளான் எடுத்தவங்க மட்டும் தொடங்கற ஒரு சேமிப்பு அக்கவுண்ட், குடும்பத்துக்கு இந்த வருஷம் 8,750 டாலர் வரைக்கும் போடலாம், கம்பெனி போடறதும் அதுக்குள்ள தான். போடற காசுக்கு வருமான வரி இல்ல, உள்ள வளர்ற காசுக்கு இல்ல, மருத்துவ செலவுக்கு எடுத்தா அப்பவும் இல்ல. பல்லு, கண்ணாடி கூட அதுல வாங்கலாம். வருஷம் முடிஞ்சா காசு போயிடாது, வேலை மாறினாலும் கூடவே வரும். வேற செலவுக்கு 65 வயசுக்கு முன்னாடி எடுத்தா வரியோட 20% அபராதம், 65க்கு அப்புறம் வரி மட்டும். "எல்லாம் நல்லா இருக்கு, ஆனா நியூஜெர்சி மாநில வரில இந்த சலுகை இல்லடா, அவனுங்க தனி ரூட்டு"ன்னு அவருக்கு ஒரு புலம்பல்.

இத கேட்டுட்டு இருந்த அம்மா, "அப்போ அது சிறுவாடு தானே"ன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சோம், ஆனா அதவிட சரியா யாரும் சொல்ல முடியாது. பருப்பு டப்பாக்குள்ள ஆத்திர அவசரத்துக்குன்னு ஒளிச்சு வைக்கற காசு தான் அது, அங்க கவர்மென்ட்டே டப்பா வாங்கிக் குடுத்து வரியும் தள்ளுபடி பண்ணியிருக்கு. பெரிய டிடக்டபிள்னா பக்கத்துல ஒரு டப்பா இருந்தாகணும்னு அவங்க சேத்தே வச்சிருக்காங்க. நமக்கு பாலிசிய மட்டும் விக்கறாங்க, டப்பா நம்ம பொறுப்பு.

நம்ம ஊர்ல இருக்கறது 80டின்னு சொல்ற வருமான வரிச் சலுகை. அது சேமிப்புக்கு இல்ல, கட்டற பிரீமியத்துக்கு கழிவு. நமக்கும் பொண்டாட்டி புள்ளைக்கும் 25,000 வரைக்கும், அப்பா அம்மாவுல ஒருத்தர் 60 தாண்டியிருந்தா அவங்களுக்கு தனியா 50,000, ஹெல்த் செக்கப் 5,000 இந்த லிமிட்டுக்குள்ளயே. பிரீமியத்தை ரொக்கமா கட்டினா கழிவு கிடையாது. எல்லாம் பழைய வரி முறைல தான், புதுசுக்கு மாறிட்டா இதுவும் போச்சு. நான் போன வருஷம் புதுசுக்கு மாறிட்டேன், சோ வரிக்காக இந்த பாலிசி வாங்குங்கன்னு என்னால சொல்ல முடியாது. ஒரு ஆறுதல், 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்ல. எனக்கு போன மே ரினியூவல்ல பிரீமியம் 21,300 ஆயிருந்துச்சு, அது மேல ஜிஎஸ்டி வேற, இந்த மே அந்த 18% மிச்சம். சீனியர் சிட்டிசனுக்கு வருஷம் 10%க்கு மேல ஏத்தணும்னா இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கற ஐஆர்டிஏஐகிட்ட முன்னாடியே பேசணும்னு 2025 ஜனவரில ஒரு உத்தரவும் இருக்கு, பாப்போம்.

இப்போ நான் தனியா ஒரு பேங்க் அக்கவுண்ட் தொடங்கி மாசம் 8,000 போடறேன், ஏடிஎம் கார்டு வாங்கல, வட்டிக்கு வரி உண்டு, பரவால்ல. ஐடில இருக்கறவங்களுக்கு தெரியும், மெயில்ல ஒரு மீட்டிங் இன்வைட் வந்தா வேலை காலி, வேலை போனா அந்த குரூப் 5 லட்சமும் அன்னியோட காலி, அப்புறம் டிடக்டபிள் முழுக்க என் பாக்கெட். 5 லட்சம் சேர இன்னும் அஞ்சு வருஷம் ஆகும்.

பாலிசிக்கு 5க்கு 4, சர்வீஸுக்கு 2.5. டிடக்டபிளை மூணு லட்சமா குறைச்சுக்கலாமான்னு போன வாரம் கம்பெனிக்கு போன் பண்ணேன். தாராளமா பண்ணலாம் சார்னு அந்த பொண்ணு ரொம்ப மரியாதையா சொல்லுச்சு, புதுசா பிரபோசல் ஃபார்ம், மெடிக்கல் டெஸ்ட் எல்லாம் இருக்கு, அப்பாவுக்கு இதய சம்பந்தமா ஏதாவது இருக்கான்னு கேட்டுச்சு. இருக்கும்மா, அதுல கொஞ்சம் நீங்க தான் பணம் கட்டினீங்கன்னு சொல்ல வாய் வந்துச்சு, யோசிச்சுட்டு சொல்றேன்னு வச்சுட்டேன்.