தில்லிக் குளிரில் கபாலபாதியா, நாடி சுத்தியா?

ஆர்.கே.புரமோ மயூர் விஹாரோ, விடிகாலைப் பூங்காவில் 'புஸ் புஸ்' என்று கபாலபாதி (வயிற்றைச் சொடுக்கி மூச்சை வெளியே தள்ளும் பிராணாயாமம்) சத்தம் கேட்கும். மற்ற மாதங்களில் அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை காற்றில் புகையும் தூசியும், அதனால் கணக்கே வேறு.

சும்மா உட்கார்ந்திருந்தால் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று உள்ளே போய்வரும். துருத்திபோல மூச்சு விடும் பஸ்திரிகாவில் இழுப்பதும் விடுவதும் வேகம்தான். மூச்சுக்கு ஒன்றரை லிட்டர், நிமிடத்துக்கு 20 மூச்சு என்று வைத்தாலே 30 லிட்டர் ஆகிவிடும். மூக்கை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தியில் 4 விநாடி எண்ணி இழுத்து 8 விநாடி எண்ணி விட்டால் நிமிடத்துக்கு 5 மூச்சு. ஒவ்வொன்றும் ஒரு லிட்டர் என்றாலும் 5 லிட்டர்தான். உள்ளே போகும் நுண்தூசியும் இதே கணக்குப்படிதான். கபாலபாதியில் மூச்சு சிறிது, எண்ணிக்கை பெரிது; அது இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடப்பதால் விடிகாலையில்தான் புகை அடர்த்தி. வெயில் ஏறிய பிறகே கொஞ்சம் கலையும். பிரம்ம முகூர்த்தம் என்று 5 மணிக்குப் பூங்காவுக்கு ஓடுவதை இந்த மூன்று மாதமும் நிறுத்திவைக்கலாம். காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் வெளியே வேகப் பயிற்சி வேண்டாம். 300-க்கு மேல் போனால் வீட்டுக்குள்ளும் நாடி சுத்தியும், வண்டுபோல ரீங்கரிக்கும் பிராமரியும் போதும்.

நாடி சுத்திக்கு வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் வலது மூக்கை மூடி இடதில் இழுத்து, மோதிர விரலால் இடதை மூடி வலதில் விடுங்கள். பிறகு வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. 9 சுற்றுக்கு நாலு நிமிடம்கூட ஆகாது. விரல் படவேண்டியது மூக்கெலும்புக்குக் கீழே உள்ள மெத்தென்ற இடத்தில். எலும்பிலேயே அழுத்தினால் மூடவும் மூடாது, வலிதான் மிச்சம். ஸ்வெட்டருக்குள் இறுக்கமான தெர்மல் போட்டிருந்தால் வயிறு விரியாமல் மூச்சு மார்போடு நின்றுவிடும். இடுப்பு எலாஸ்டிக்கைத் தளர்த்திவிடுங்கள். ஒரு பக்கம் அடைத்திருந்தால் அந்த மூக்கு மேலே இருக்கும்படி சில நிமிடம் ஒருக்களித்துப் படுத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரை என்று திருமூலர் சொன்ன கணக்கைப் படித்துவிட்டு முதல் வாரமே கும்பகத்தில், அதாவது மூச்சை உள்ளே நிறுத்துவதில், இறங்காதீர்கள்.

கபாலபாதிதான் வேண்டும் என்றால் காற்று தெளிந்த நாளில், சாப்பிட்டு 4 மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். விநாடிக்கு ஒன்றாக 30 முறை, ஒரு நிமிட ஓய்வு. இப்படி மூன்று தடவை. வயிற்றை உள்ளே சொடுக்கி மூச்சை வெளியே தள்ளுவது மட்டும்தான் நம் வேலை, இழுப்பு தானே நடக்கும். பலர் இழுப்பதையும் வலிந்து செய்வார்கள், தோள் குலுங்கும். கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறித் தலை சுற்றும், விரல்நுனி மரக்கும். குண்டலினி எழுந்துவிட்டதாக மகிழ வேண்டாம், நிறுத்திவிடுங்கள். ரத்த அழுத்தம், குடலிறக்கம், கண் அழுத்த நோய், கர்ப்பம், வலிப்பு உள்ளவர்களுக்கு இதுவும் பஸ்திரிகாவும் ஆகாது.

பிராமரிக்கு வாயை மூடி, மூச்சு விடும்போது வண்டுபோல ரீங்கரித்தால் போதும், 5 முதல் 7 முறை. தூக்கம் வராதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

ஏர் பியூரிஃபையர் தூசியைப் பிடிக்கும், கரியமில வாயுவைப் பிடிக்காது. பிற்பகலில் பத்து நிமிடம் சன்னலைத் திறந்து மூடி, தூசி அடங்கியபின் உட்காருங்கள். அங்கீட்டியில் (குளிர்காயும் கரி அடுப்பு) கரி எரியும் மூடிய அறையில் பிராணாயாமம் என்ன, படுக்கவே கூடாது.