எர்த்எக்கோ வாட்டர் சேலஞ்ச் கருவிப்பெட்டி: குளத்துக்குச் சரி, குடத்துக்குப் போதாது

2003இல் உலக நீர்க் கண்காணிப்பு நாளாகத் தொடங்கிய திட்டத்தை இப்போது எர்த்எக்கோ இன்டர்நேஷனல் அமைப்பு வாட்டர் சேலஞ்ச் என்ற பெயரில் நடத்துகிறது. மாணவர்கள் ஓர் ஆற்றிலோ குளத்திலோ வெப்பநிலை, பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு), கலங்கல், கரைந்த ஆக்சிஜன் ஆகிய நான்கையும் அளந்து பொதுத் தரவுத்தளத்தில் பதிவேற்றுவார்கள். இதற்கான கருவிப்பெட்டியில் நிறம் காட்டும் மாத்திரைகள் 50 சோதனைக்கு வரும். ஆனால் ஜாடியும் குழாய்களும் ஒரே செட்தான். வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

பிஹெச் சோதனையில் சிக்கல் இல்லை: 10 மில்லி நீர், ஒரு மாத்திரை, கரையும்வரை குலுக்கல், வண்ண அட்டையோடு ஒப்பீடு. கலங்கலுக்கான கறுப்பு வெள்ளை வட்ட ஸ்டிக்கரை, ஜாடி நனைவதற்கு முன்பே உள்ளே அடியில் ஒட்டிவிட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் உரிந்து வரும். நீரை மொண்டவுடன் அதன் வழியே வட்டத்தைப் பார்க்கவும். மண் படிந்த பிறகு பார்த்தால் கலங்கிய ஓடையும் தெளிவாகத்தான் தெரியும்.

பெரும்பாலும் சொதப்புவது ஆக்சிஜன் சோதனை. சின்னக் குழாயை நீருக்குள்ளேயே மூழ்கவைத்து விளிம்புவரை நிரப்பி, இரண்டு மாத்திரைகளைப் போட்டு, குமிழி ஒன்றும் சிக்காமல் மூட வேண்டும். நீர் வழிந்தால் வழியட்டும். ஒரு குமிழி உள்ளே இருந்தாலும் அதிலுள்ள ஆக்சிஜன் கரைந்து அளவைக் கூட்டிவிடும். வாளியில் மொண்டு ஊற்றினாலும் இதே கதி. மாத்திரைகள் கரைந்த பிறகு மேலும் 5 நிமிடம் பொறுத்து, நிழலில் வெள்ளைத்தாள் பின்னணியில் நிறத்தைப் பார்க்கவும்.

அட்டையில் 0, 4, 8 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) என மூன்றே படிகள். இடைப்பட்ட நிறத்தை ஒருவர் 5 என்பார், இன்னொருவர் 6 என்பார். அதனால் இருவர் தனித்தனியே படித்து எழுதுவது நல்லது. வெப்பநிலையைக் குறிக்காத ஆக்சிஜன் அளவுக்குப் பொருளே இல்லை: கடல்மட்டத்தில் நன்னீர் 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம்வரை தாங்கும், 30 டிகிரியில் சுமார் 7.5 மட்டுமே. நேரமும் முக்கியம். பாசி மண்டிய குளம் மாலையில் ஒளிச்சேர்க்கையால் 8 காட்டிவிட்டு, விடியலில் மீன்கள் மூச்சுமுட்டும் அளவுக்கு இறங்கலாம். பிஹெச்சும் பகலில் கூடவே ஏறும். ஒரே இடத்தில் காலையும் மாலையும் அளப்பதுதான் இந்தப் பெட்டியைக் கொண்டு நடத்தக்கூடிய மிகச் சிறந்த பாடம். வழிகாட்டித் தாளைத் தாண்டி ஆசிரியர்தான் இதைத் திட்டமிட வேண்டும்.

ஆனால் இதே பெட்டியை வைத்து உலகச் சுகாதாரம் கற்பிக்க முயல்வது தவறு. நான்கு அளவுகளும் நன்றாக இருக்கும் நீரில் மலக்கிருமிகள் இருக்கலாம். குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் கேட்பது 100 மில்லியில் ஈ.கோலை (மல மாசைக் காட்டும் பாக்டீரியா) அறவே தென்படாத நிலை; இந்தப் பெட்டி அந்தப் பக்கமே போவதில்லை. ஆர்செனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் எதையும் காட்டாது.

எனவே சுகாதாரப் பாடத்துக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பிகளை (மல மாசோடு வரும் கிருமிகள் வெளியிடும் அந்த வாயுவால் கறுக்கும் சோதனைக் குப்பிகள்) தனியே சேர்த்துக்கொள்ளுங்கள். 1982இல் இந்திய ஆய்வாளர் மஞ்சாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை இது. குறியிட்ட கோடுவரை நீரை ஊற்றி மூடி, 25 முதல் 35 டிகிரி வெப்பத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மல மாசு உள்ள நீர் பெரும்பாலும் கறுக்கும். இன்குபேட்டர் தேவையில்லை. ஆனால் குளிர் நாட்களில் சாதாரண அறை போதாது. கறுப்பு தாமதமாகும், அல்லது வராமலே போகும். இயல்பாகவே சல்பைடு உள்ள, முட்டை நாற்றமடிக்கும் நிலத்தடி நீர் மாசில்லாமலே கறுக்கக்கூடும். குளோரின் கலந்த குழாய் நீரில் முதலில் சோடியம் தயோசல்பேட் கொண்டு குளோரினை முறிக்காவிட்டால் விடை பொய்யாகும். கறுக்கவில்லை என்பதற்காக அந்த நீரைக் குடிக்கலாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வைரஸையும் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளையும் இது தேடுவதில்லை.

கறுத்த குப்பியை மாணவர் கையில் திறக்கக் கொடுக்க வேண்டாம். உள்ளே பெருகியிருப்பவை உயிருள்ள கிருமிகள். கையுறை அணிந்த ஆசிரியர் காற்றோட்டமான இடத்தில் திறந்து, ப்ளீச் ஊற்றி, குறைந்தது அரை மணி நேரம் விட்ட பிறகே கழிப்பறையில் கொட்ட வேண்டும்.